பெரட்டுக் களமும் வரைபடமும்

மலேசியாவின் தெலுக் இந்தான் சுற்றுவட்டார இரப்பர்த் தோட்டங்களில் வளர்ந்த எவரிடமும் ‘பெரட்டு’ என்று ஒரு சொல்லைச் சொன்னால் போதும். முதலில் இருட்டுதான் நினைவுக்கு வரும். கோழி கூவும் நேரம். தொழிலாளர் வீடுகள் வரிசையாக நிற்கும் லயத்திலிருந்து தலைவிளக்கும் வாளியும் காண்டாக் கம்புமாக ஆட்கள் திடலுக்கு வருவார்கள். எழுத்தரான கிராணி கையில் செக்ரோல் என்னும் வருகைப் பதிவுப் புத்தகம் விரிந்திருக்கும். மேற்பார்வையாளரான மண்டோர் பெயர் பெயராகக் கூப்பிடுவார். யார் எந்த நிரைக்குப் போவது, யாருக்குக் காய்ச்சல், யார் லீவு, மழை விட்டால் மரம் வெட்டலாமா கூடாதா என்பதெல்லாம் அந்தக் கால்மணி நேரத்தில் முடிவாகிவிடும். ‘பரேட்’ என்ற படைச்சொல்தான் தமிழ் நாவில் புரண்டு பெரட்டு ஆனது. இலங்கை மலையகத்திலும் இதே சொல் பிரட்டு என்று வாழ்கிறது.

அந்தச் சொல் அதிகாரத்தின் மிடுக்குக்காக மட்டும் தோட்டத்துக்குள் வரவில்லை. பால்மரத்துக்கு ஒரு கணக்கு உண்டு. வெயில் ஏறுவதற்கு முன் வெட்டினால்தான் பால் நன்றாக ஓடும். நேரத்தோடு சேகரித்து ஸ்டோருக்குக் கொண்டுபோகாவிட்டால் கோப்பையிலேயே உறைந்துவிடும். நூறு பேர் நூறு இடத்தில் தனித்தனியாக வேலை செய்ய வேண்டும், ஆனால் எல்லாருடைய வேலையும் ஒரே நேரத்துக்குள் அடங்க வேண்டும். இப்படிப்பட்ட சிக்கலை அந்தக் காலத்தில் நாள்தோறும் சந்தித்த பெரிய அமைப்பு ஒன்று உண்டென்றால் அது படைதான். ஆகவே தோட்டம் படையிடமிருந்து கடன் வாங்கியது.

படைத் திட்டமிடல் முறையைத் தொழிலுக்குப் பயன்படுத்தலாமா என்பது இன்று நிர்வாகப் பயிற்சி வகுப்புகளில் அடிக்கடி எழும் கேள்வி. சீனத்து சுன் சூவையும் பிரஷியத்துக் கிளாஸவிட்ஸையும் மேற்கோள் காட்டும் புத்தகங்கள் கடைகளில் குவிந்திருக்கின்றன. அல் ரீஸும் ஜாக் டிரவுட்டும் 1986இல் சந்தைப் போட்டியை முழுக்கப் போராகவே உருவகித்து ஒரு நூல் எழுதினார்கள். ஆனால் தெலுக் இந்தான் இருக்கும் கீழ்ப் பேராக் மக்களுக்கு இது புத்தகக் கேள்வி அல்ல. இந்த முறையின் பலனையும் அதன் காயத்தையும் இந்த மண் மூன்று தலைமுறையாக உடம்பில் சுமந்திருக்கிறது. எனவே கேள்வியை இங்கிருந்தே தொடங்குவது பொருத்தம்.

தெலுக் இந்தான் ஊரின் பழைய பெயரே ஒரு படை அதிகாரியின் பெயர். பீரங்கிப் படையில் இருந்து, பிறகு பினாங்கின் துணை ஆளுநராகப் பணியாற்றிய ஆர்ச்சிபால்ட் ஆன்சனின் பெயரால் இது தெலுக் ஆன்சன் ஆனது. தெலுக் இந்தான் என்ற பெயர் 1982இல்தான் வந்தது. பேராக் ஆற்றங்கரைத் துறைமுகமாக இருந்த ஊரைத் தாப்பா ரோட்டோடு இணைக்கும் இரயில் பாதை 1893இல் இயங்கத் தொடங்கியது. ஈயமும் பிறகு இரப்பரும் இந்த வழியாகக் கடலுக்குப் போயின. ஊர் நடுவில் லியோங் சூன் சூங் 1885இல் கட்டிய மணிக்கூண்டுக் கோபுரம், 25 மீட்டர் உயரத்தில், மேலே சுமந்த தண்ணீரின் பாரத்தாலும் கீழே இருந்த மெல்லிய மண்ணாலும் சாய்ந்தே நிற்கிறது. நிலம் அறியாமல் பாரம் ஏற்றினால் என்ன ஆகும் என்பதை ஊர் நூறு ஆண்டுக்கும் மேலாகப் பார்த்துக்கொண்டிருக்கிறது.

நிலம் அறிதலுக்கு இன்னும் கூர்மையான உதாரணம் ஊருக்குப் பக்கத்திலேயே உண்டு. ஜெண்டராத்தா தோட்டத்தை 1906இல் தொடங்கிய ஆகே வெஸ்டென்ஹோல்ஸ் ஒரு டேனியப் பொறியாளர். சயாமில் டிராம், மின்சாரத் தொழில்களில் ஈடுபட்டவர். படைக்கலையில் தீராத ஈடுபாடு கொண்டவர். 1909இல் டென்மார்க்கில் தன் பெயரிலேயே ஒரு தன்னார்வப் படையை நிறுவினார். அவர் தொடங்கிய நிறுவனம்தான் வளர்ந்து இன்று யுனைடெட் பிளான்டேஷன்ஸ் என்று ஜெண்டராத்தாவையே தலைமையிடமாகக் கொண்டு நடக்கிறது. பெர்ணம் ஆற்றுச் சமவெளியின் களிமண்ணில் வாய்க்கால் வெட்டி, தண்ணீரை அளந்து விட்டு, குறுகிய தண்டவாளங்களில் குட்டி இரயில் ஓட்டிச் செம்பனைக் குலைகளை ஆலைக்குச் சேர்க்கும் ஏற்பாடு அங்கே நிலைபெற்றது. வெட்டிய செம்பனைக் குலை காத்திருக்கக் காத்திருக்க எண்ணெயில் அமிலம் ஏறும். வழங்கல் பாதைதான் அங்கே தரத்தைத் தீர்மானிக்கிறது.

அதே வெஸ்டென்ஹோல்ஸ் இன்னொரு தோட்டத்துக்கும் தலைவராக இருந்தார். கென்யாவின் ங்கோங் மலையடிவாரத்தில் அவருடைய சகோதரி மகள் கரேன் பிளிக்ஸன் நடத்திய காப்பித் தோட்டம் அது. குடும்பப் பணம் போடப்பட்ட கம்பெனி. 1921இல் அவரே நேரில் போய்ப் பார்த்தார். உழைப்புக்குக் குறைவில்லை, மன உறுதிக்கும் குறைவில்லை. ஆனால் சுமார் 6,000 அடி உயரத்தில் இருந்த அந்த நிலம் காப்பிக்கு ஏற்றதல்ல. 1931இல் தோட்டம் கைவிட்டுப் போனது. ஒரே மனிதர், ஒரே கண்டிப்பு. ஒரு நிலம் ஏற்றுக்கொண்டது, மற்றொன்று மறுத்துவிட்டது.

தமிழ் வாசகருக்கு இதில் புதுமை தோன்றாது. குறளின் பொருட்பாலில் 47ஆம் அதிகாரத்திலிருந்து வரிசையாகப் பார்த்தால் தெரிந்துசெயல்வகை, வலியறிதல், காலமறிதல், இடனறிதல், தெரிந்துதெளிதல், தெரிந்துவினையாடல் என்று ஆறு அதிகாரங்கள் அடுத்தடுத்து நிற்கின்றன. முதலில் செய்யத்தக்கதா என்று எண்ணுவது. பிறகு பலத்தை எடைபோடுவது. அதன்பின் காலம், இடம். கடைசியில் ஆளைத் தேர்ந்து வேலையை ஒப்படைப்பது. ஆங்கிலேயப் படையில் இளம் அதிகாரிகளுக்குக் கற்பிக்கப்பட்ட ‘நிலைமை மதிப்பீடு’ ஏறக்குறைய இதே வரிசையில்தான் நடக்கிறது. நோக்கம் என்ன, அதைப் பாதிக்கும் காரணிகள் எவை, திறந்திருக்கும் வழிகள் எத்தனை, அவற்றில் எது என்று படிப்படியாக இறங்கி வர வேண்டும். முடிவு எடுத்த பிறகு கட்டளை ஐந்து தலைப்பில் சொல்லப்படும்: நிலைமை, இலக்கு, செயல்முறை, வழங்கல், தலைமையும் தகவல் தொடர்பும். இலக்கை மட்டும் இரண்டு முறை வாசிப்பார்கள். காதில் விழாமல் போய்விடக் கூடாத ஒரே வாக்கியம் அதுதான்.

படை முறை என்றாலே அதட்டல், சல்யூட், எதிர்க்கேள்வி இல்லாத கீழ்ப்படிதல் என்று பல முதலாளிகள் நினைக்கிறார்கள். இந்தத் தவறான எண்ணம் பல கடைகளைக் கெடுத்திருக்கிறது. 19ஆம் நூற்றாண்டின் பிரஷியத் தளபதி மோல்ட்கே, எதிரியின் முக்கியப் படையை முதன்முதல் சந்திக்கும் இடத்துக்கு அப்பால் எந்தத் திட்டமும் உறுதியோடு நீளாது என்று எழுதினார். ஆகவே மேலிருப்பவர் ‘என்ன, எதற்காக’ என்பதைச் சொல்ல வேண்டும். ‘எப்படி’ என்பதைக் களத்தில் நிற்பவர் முடிவு செய்ய வேண்டும் என்ற வழக்கம் ஜெர்மானியப் படையில் ஊன்றியது. உலகின் சிறந்த படைகள் கீழே இருப்பவரின் கண்ணை நம்பியே வளர்ந்தன. அதட்டலை மட்டும் கடன் வாங்கியவர்கள் முறையின் ஓட்டை எடுத்துக்கொண்டு பருப்பை விட்டுவிட்டார்கள்.

வட்டித்தொழில் செய்த செட்டியார்கள் இதைப் படைக்கல்லூரிக்குப் போகாமலே செய்து காட்டினார்கள். காரைக்குடிப் பக்கத்து முதலாளி ஊரில் இருப்பார். தெலுக் ஆன்சனிலோ ஈப்போவிலோ கிட்டங்கியில் ஒரு பெட்டியை முன்னால் வைத்து உட்கார்ந்திருப்பவர் ஏஜெண்டு. பெட்டியடிப் பையனாகச் சேர்ந்து, அடுத்தாளாக வளர்ந்து, கணக்கும் ஆளறியும் கண்ணும் வந்த பிறகே அந்தப் பொறுப்பு கிடைக்கும். முதலாளியின் சார்பில் முழு அதிகாரம் தரும் பத்திரம் அவர் கையில் இருக்கும். கப்பலில் போகும் கடிதம் பதில் கொண்டுவருவதற்குள் வாரங்கள் ஓடிவிடும். ஆகவே யாருக்குக் கடன், என்ன வட்டி, எந்த நிலம் ஈடு என்பதையெல்லாம் அங்கேயே அவரே தீர்மானிக்க வேண்டும். வழக்கமாக மூன்று ஆண்டுத் தவணை. கணக்கு மட்டும் தவறாமல் ஊருக்குப் போய்க்கொண்டிருக்கும். தவணை முடிந்து புது ஏஜெண்டிடம் பெட்டியை ஒப்படைத்துவிட்டு ஊர் திரும்பினால், ஐந்தொகை பார்த்து இலாபத்தில் பங்கு. நோக்கம் மேலிருந்து வந்தது, வழி களத்தில் பிறந்தது, உண்மைக் கணக்கு தவறாமல் திரும்பிப் போனது. மோல்ட்கே கேட்டிருந்தால் தலையாட்டியிருப்பார்.

ஆனால் எந்த ஏற்பாட்டுக்கும் எட்டாத ஒன்று வரும். 1930களின் பெருமந்தத்தில் கடன் வாங்கியவர்களால் திருப்பித் தர முடியாமல் நிலங்கள் செட்டியார்கள் கைக்கு வந்தன. பணமாக இருந்தது மண்ணாக மாறி நின்றது. பின்னர் ஜப்பானியர் ஆட்சியில் கடன் வாங்கியவர்கள் பழைய கடன்களை அப்போது அச்சான வாழைமர நோட்டில் அடைத்தார்கள். போர் முடிந்ததும் அந்த நோட்டு வெறும் காகிதம். மூன்று ஆண்டுத் தவணையும் அனுபவமும் நேர்மையும் இருந்தும், நாணயமே செத்துப்போகும் நாளுக்கு யாரிடமும் திட்டம் இல்லை.

ஜப்பானியர் காலம் பெரட்டின் பொருளையும் மாற்றியது. இந்திய தேசிய இராணுவத்தில் சேர்ந்த தோட்டத்துப் பிள்ளைகள் முதன்முறையாகத் தங்கள் விருப்பத்தால் அணிவகுத்து நின்றார்கள். போருக்குப் பிறகு, 1946–47இல், கெடாவில் தொண்டர் படை எழுந்தது. ஏ. எம். சாமி தலைமையில் தோட்டத் தொழிலாளர்கள் சீராக அணிவகுத்து, கள்ளுக்கடைகளுக்கு எதிராக இயக்கம் நடத்தினார்கள். காவல்துறையோடு மோதல் ஏற்பட்டு இயக்கம் ஒடுக்கப்பட்டது. தோட்டத் துரை முன் நிற்பதற்காகக் கற்ற ஒழுங்கைத் தங்கள் குடும்பங்களைக் காப்பதற்காகத் திருப்பிக்கொண்டார்கள். திட்டமிடும் கலை எவருடைய தனிச்சொத்தும் அல்ல என்பதற்கு மலாயாத் தமிழர் வரலாற்றில் இதைவிடப் பெருமைக்குரிய சான்று குறைவு.

பிறகு வந்தது கம்யூனிஸ்டு கிளர்ச்சிக்கு எதிரான அவசரகாலம். 1948 ஜூன் 16ஆம் தேதி சுங்கை சிப்புட் பக்கம் மூன்று ஐரோப்பியத் தோட்டக்காரர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அடுத்த இரண்டு நாளில் நாடு முழுவதும் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. தொடக்கத்தில் அரசுத் துறைகள் ஆளுக்கொரு பக்கம் இழுத்தன. காவல்துறைக்குத் தெரிந்தது படைக்குத் தெரியாது. படை போன இடம் மாவட்ட அதிகாரிக்குத் தெரியாது. 1950இல் நடவடிக்கை இயக்குநராக வந்த லெப்டினன்ட் ஜெனரல் ஹரோல்ட் பிரிக்ஸ் செய்த முதல் காரியம், இவர்களை ஒரே மேசையில் உட்கார வைத்ததுதான். நடுவண் நிலையில் போர் மன்றமும், மாநிலத்திலும் மாவட்டத்திலும் போர்ச் செயற்குழுக்களும் அமைந்தன. மாவட்டக் குழுவில் மாவட்ட அதிகாரி, காவல்துறைத் தலைவர், படைத் தளபதி மூவரும் ஒரே வரைபடத்தைப் பார்த்து ஒரே முடிவை எடுத்தாக வேண்டும். தகவல் தனித்தனிப் பெட்டியில் பூட்டிக் கிடந்தால் எவ்வளவு ஆளும் ஆயுதமும் இருந்தாலும் வீண் என்ற பாடம் மலாயாவில் அப்போது ஆழமாகப் பதிந்தது. 1952இல் உயர் ஆணையராக வந்த டெம்ப்ளர் அந்த இயந்திரத்தை முடுக்கிவிட்டார்.

அந்த இயந்திரம் சிறிய அளவில் எப்படி இயங்கியது என்பதற்குத் தெலுக் ஆன்சன் சதுப்புநிலமே சாட்சி. 1958 பிப்ரவரியில், ஆ ஹோய் என்ற கெரில்லாத் தலைவனைத் தேடி பிரிட்டிஷ் சிறப்புப் படையான எஸ்.ஏ.எஸ். பிரிவின் 37 பேர் அந்தச் சேற்றுக் காட்டில் பாராசூட்டில் இறங்கினார்கள். மேஜர் ஹாரி தாம்சன் தலைமை. பிற்காலத்தில் புகழ்பெற்ற பீட்டர் டி லா பில்லியே இளம் அதிகாரியாக அதில் இருந்தார். சுமார் 18 மைல் நீளமும் 10 மைல் அகலமும் கொண்ட சதுப்பு. பகலில் இடுப்பளவுத் தண்ணீர், இரவில் மரக்கிளையில் தூக்கம். உள்ளே ரோந்து, வெளியே முற்றுகை, ஆற்றோரமாகத் தடம் பார்த்தல், மெல்ல மெல்ல வளையத்தைச் சுருக்குதல். உணவுப் பாதை அடைபட்டதும் ஒரு பெண் தூதாக வெளியே வந்தாள். அதன்பின் ஆ ஹோய் சரணடைந்தான். சண்டையைவிடப் பொறுமையும் வழங்கலும் தகவலும்தான் அந்த வெற்றிக்குக் காரணம்.

இந்த வெற்றிகளுக்கு யார் விலை கொடுத்தார்கள் என்பதையும் இதே மூச்சில் சொல்லியாக வேண்டும். சுமார் ஐந்து இலட்சம் பேர், பெரும்பாலும் சீனர், முள்வேலியிட்ட புதுக்கிராமங்களுக்கு மாற்றப்பட்டார்கள். தோட்டங்களில் சிதறியிருந்த லயங்களை ஒன்றுசேர்த்து வேலிக்குள் அடைத்தார்கள். அரிசி அளந்து கொடுக்கப்பட்டது. வெட்டுக்குப் போகும் ஆள் சோற்றுப் பொட்டலம் எடுத்துப்போகக் கூட அனுமதி இல்லாத இடங்கள் இருந்தன. வாசலில் சோதனை, இரவில் ஊரடங்கு. திட்டத்தின் பார்வையில் அவர்கள் ‘உணவு எதிரிக்குக் கசியக்கூடிய வழி’. வரைபடத்தில் அது சரியான கணிப்பு. ஆனால் வெறும் வயிற்றோடு இருட்டில் மரத்தடியில் நின்ற பெண்ணுக்கு அது வேறு விஷயம்.

அவசரகாலம் 1960 ஜூலை 31இல் அதிகாரபூர்வமாக முடிந்தது. உலகம் முழுவதும் இருந்து ஆய்வாளர்கள் வந்து படித்த மாற்றம் அப்போதுதான் நடந்தது. துணைப் பிரதமர் துன் அப்துல் ரசாக், கம்யூனிஸ்டுகளுக்கு எதிராகக் கட்டிய இயந்திரத்தைக் கலைக்காமல் வறுமைக்கு எதிராகத் திருப்பினார். மாவட்டப் போர்ச் செயற்குழு மாவட்ட ஊரக வளர்ச்சிக் குழுவாக மாறியது. ஏறக்குறைய அதே ஆட்கள், அதே மேசை. எதிரி மட்டும் வேறு. கோலாலம்பூரில் தேசிய நடவடிக்கை அறை திறக்கப்பட்டது. சுவர் முழுக்க வரைபடங்கள், முன்னேற்ற அட்டவணைகள். எந்த மாநிலத்தில் எந்தச் சாலை எத்தனை மைல் முடிந்தது, எது தாமதம், யாரால் தாமதம் என்பது ஒரே பார்வையில் தெரியும். மாநிலத் தலைநகரிலும் மாவட்ட அலுவலகத்திலும் அதே மாதிரி அறைகள்.

அதன் இதயம் ‘சிவப்புப் புத்தகம்’. மேசையையே மறைக்கும் அளவுக்குப் பெரிய, சிவப்பு அட்டை போட்ட தொகுப்பு. உள்ளே மாவட்டத்தின் வரைபடம். அதன்மேல் ஒன்றன்மேல் ஒன்றாக வைக்கும் கண்ணாடித்தாள்கள். ஒரு தாளில் சாலை, ஒன்றில் குடிநீர், ஒன்றில் பள்ளிக்கூடம், மற்றொன்றில் நிலத் திட்டம் என்று போகும். ஒவ்வொரு கிராமத்துக்கும் என்ன வேண்டும் என்பதை மாவட்டக் குழுவே உட்கார்ந்து வரைந்து நிரப்ப வேண்டும். தாள்களை அடுக்கிப் பார்த்தால், சாலை போகாத இடத்தில் பள்ளிக்கூடம் கேட்டிருப்பதும், கிணறே இல்லாத இடத்தில் மருத்துவ நிலையம் கேட்டிருப்பதும் தானாகவே வெளியே வந்துவிடும். படைகள் பல காலமாகப் பயன்படுத்திய மேலடுக்குத் தாளை ஓர் அரசு தண்ணீர்க் குழாய்க்காகப் பயன்படுத்தியது. ரசாக் திடீர் திடீரென்று மாவட்டங்களுக்குப் போவார். அதிகாரி வரைபடத்தின் முன் நின்று நிலைமையை விளக்க வேண்டும். தடை எதுவோ அதை அங்கேயே தீர்ப்பார். கோப்பு கோலாலம்பூர் போய்த் திரும்பும் வரை காத்திருப்பதில்லை. இந்தப் பணிக்காக 1967இல் அவருக்கு மகசேசே விருது கிடைத்தது. 1969 மே கலவரத்துக்குப் பின் அமைந்த தேசிய நடவடிக்கை மன்றத்துக்கும் அவரே தலைவர். வளர்ச்சிக்குப் போன இயந்திரம் பாதுகாப்புக்கும் திரும்பி வந்தது.

ஒரு தொழில் நடத்துபவர் இதிலிருந்து கற்கக்கூடியது நிறைய உண்டு. வேலையின் நிலை எல்லாருடைய கண்ணிலும் படும்படி சுவரில் இருப்பது; துறைகள் ஒரே தாளில் தங்கள் கோரிக்கையை வரைவது; முதலாளி களத்துக்குப் போய் நின்று கேட்பது; முடிவை அங்கேயே எடுப்பது. இவற்றுக்குப் பெரிய பணம் தேவையில்லை. நாற்பது லாரி வைத்திருப்பவருக்கும் பொருந்தும், இரண்டு வேன் வைத்திருப்பவருக்கும் பொருந்தும்.

ஆனால் அந்தச் சிவப்புப் புத்தகத்தின் கண்ணாடித்தாள்களில் ஓர் இடம் வெறுமையாகவே இருந்தது. தோட்டங்கள். தோட்டம் தனியார் சொத்து, அங்கே இருப்பவர்களின் வீடும் தண்ணீரும் விளக்கும் முதலாளியின் பொறுப்பு என்று அரசு கணக்கு வைத்தது. ஆகவே சாலையும் குழாயும் தோட்டத்து எல்லைக்கல் வரை வந்து நின்றன. பக்கத்துக் கிராமத்துக்குப் போன மின்கம்பம் லயத்துக்குள் திரும்பவில்லை. புத்தகத்தை நிரப்பியவர்கள் கெட்டவர்கள் அல்ல. கொடுத்த படிவத்தில் அந்தக் கட்டமே இல்லை. படைத் திட்டமிடலின் மிகப்பெரிய பலவீனம் இங்கேதான் இருக்கிறது. வரைபடத்தில் இருப்பதை அது அசாத்திய வேகத்தில் செய்து முடிக்கும். வரைபடத்தில் இல்லாதவர்களை அதே வேகத்தில் கடந்து போய்விடும்.

அதற்கு முன்பிருந்தே ஐரோப்பியக் கம்பெனிகள் தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்றுக்கொண்டிருந்தன. 1951 முதல் 1960 வரை நடந்த அந்தத் துண்டாடலைப் பொருளியல் அறிஞர் உங்கு அப்துல் அசீஸ் விரிவாக ஆராய்ந்து எழுதினார். துண்டாடிய தோட்டத்தில் வேலையும் போகும், வீடும் போகும். 1960இல் சுங்கை சிப்புட்காரரான துன் வீ. தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தோட்டம் தோட்டமாகப் போய், தொழிலாளியிடம் பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்து, தோட்டத்தையே தொழிலாளர்கள் வாங்குவது என்பது திட்டம். 1961இல் கெடாவில் புக்கிட் சீடிம் தோட்டம் முதலில் வாங்கப்பட்டது. இதற்கு நடவடிக்கை அறை இல்லை, மேலடுக்குத் தாள் இல்லை. ஆனால் நோக்கம் ஒரே வாக்கியத்தில் இருந்தது, லயத்தில் இருந்த கடைசி ஆளுக்கும் புரிந்தது. வழங்கல் பாதை, அதாவது மாதந்தோறும் பணம் திரட்டும் ஏற்பாடு, தொழிலாளர்கள் வழியாகவே ஓடியது. அரசின் வரைபடம் விட்டுவிட்ட இடத்தை அந்த மக்கள் தாங்களே வரைந்துகொண்டார்கள்.

வெளியுலகத்தின் அனுபவமும் இதே பிளவைக் காட்டுகிறது. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்க விமானப் படையின் புள்ளிவிவரப் பிரிவில் பணியாற்றிய பத்து இளைஞர்கள் 1946இல் குழுவாகவே ஃபோர்ட் கார் கம்பெனியில் சேர்ந்தார்கள். கணக்கே தெளிவில்லாமல் தடுமாறிய கம்பெனியை எண்களைக் கொண்டு நிமிர்த்தினார்கள். அவர்களில் ஒருவரான இராபர்ட் மெக்னமாரா 1960இல் ஃபோர்டின் தலைவரானார். 1961இல் அமெரிக்கப் பாதுகாப்பு அமைச்சர். படையிலிருந்து தொழிலுக்கு வந்த முறை, தொழிலில் மெருகேறி மீண்டும் படைக்கே போனது. வியட்நாமில் கொல்லப்பட்டவர்களின் எண்ணிக்கை வெற்றியின் அளவுகோலானது. எண் கேட்டார்கள், எண் வந்தது. அந்த மக்கள் எதற்காகப் போராடினார்கள் என்பதற்கு அட்டவணையில் இடம் இல்லை.

இன்னொரு கிளையின் கதை வேறு. போர்க்காலத்தில் பழகாத தொழிலாளர்களுக்கு விரைவாக வேலை கற்பிக்க அமெரிக்காவில் உருவான பயிற்சி முறை, போருக்குப் பின் ஜப்பானுக்குப் போய் டொயோட்டாவில் ஊன்றியது. வேலையைச் செய்பவனே குறையைக் கண்டுபிடித்துச் சொல்ல வேண்டும் என்பது அங்கே விதியானது. பின்னர் அமெரிக்கத் தரைப்படை தன் பயிற்சிகளின் முடிவில் ஒரு கலந்துரையாடலை வழக்கமாக்கியது: என்ன நடக்க வேண்டும் என்று நினைத்தோம், என்ன நடந்தது, ஏன் வேறுபட்டது, அடுத்த முறை என்ன செய்வது. அந்த வட்டத்தில் சிப்பாய் தளபதியின் தவறைச் சொல்லலாம். படையிடமிருந்து தொழில் கடன் வாங்கிய எல்லாவற்றிலும் மதிப்பு மிக்கது இதுதான். குறைவாகக் கடன் வாங்கப்பட்டதும் இதுதான்.

தோட்டங்கள் செம்பனைக்கு மாறி, பல கைமாறி, வீடமைப்புப் பகுதிகளாகவும் ஆன பிறகு, அங்கிருந்து வெளியேறிய குடும்பங்களில் பலர் ஊரோரத்துக்கு வந்து சிறு தொழில் தொடங்கினார்கள். சமையல் ஒப்பந்தம், லாரி, பூக்கடை, தையல், பழுதுபார்க்கும் பட்டறை. அரசு நிறுவனமான டெக்குன் நேஷனலின் ஸ்பூமி போன்ற கடனுதவிகள் வந்தன. 2017இல் மலேசிய இந்தியர்களுக்கான செயல்வரைவுத் திட்டமும் வெளியானது. இத்தகைய திட்டங்களை எத்தனை பேருக்குக் கடன், எத்தனை பேருக்குப் பயிற்சி என்ற எண்ணோடு நிறுத்தினால் மெக்னமாராவின் பள்ளத்தில்தான் விழ வேண்டியிருக்கும். மூன்று ஆண்டு கழித்து அந்தக் கடை திறந்திருக்கிறதா, மூடியிருந்தால் ஏன் என்று போய்க் கேட்பவர் வேண்டும்.

தெலுக் இந்தானில் சித்ரா பௌர்ணமி வருகிறது என்று வைத்துக்கொள்வோம். நகரத்தார் தண்டாயுதபாணி கோயிலுக்குக் காவடியும் பால்குடமுமாகக் கூட்டம் வரும் நாள். இரண்டாயிரம் பேருக்கு அன்னதானம் சமைக்க ஒரு சிறு ஒப்பந்தக்காரர் பொறுப்பேற்றிருக்கிறார். ஐந்து தலைப்பில் எழுத ஒரு பள்ளிக்கூட நோட்டின் ஒரு பக்கம் போதும். நிலைமை: எந்தச் சாலை எப்போது அடைக்கப்படும், மழை வந்தால் பந்தல் எந்தப் பக்கம் ஒழுகும், போன ஆண்டு எத்தனை மணிக்குக் கூட்டம் உச்சத்தில் இருந்தது. இலக்கு, இரண்டு முறை வாசிக்க: பதினொரு மணி முதல் வந்தவர் எவரும் பசியோடு திரும்பக் கூடாது. செயல்முறை: யார் எந்த அடுப்பு, எந்த நேரத்தில் முதல் அண்டா இறங்க வேண்டும். வழங்கல்: அரிசி, காய்கறி, எரிவாயு, தண்ணீர், சாலை அடைபடுவதற்கு முன்னால் உள்ளே வந்துவிட வேண்டிய வேன். தலைமை: ஒப்பந்தக்காரர் பந்தலில் இருக்கும்போது அடுப்படியில் முடிவெடுப்பவர் யார். சோறு குறையும் என்று தோன்றினால் யாரையும் கேட்காமல் அடுத்த அண்டாவை ஏற்றும் அதிகாரம் அடுப்படிக்காரருக்கு உண்டு. செட்டியார் தன் ஏஜெண்டுக்குக் கொடுத்த பத்திரம் இங்கே ஒரு வாய்ச்சொல்.

மறுநாள் காலை பாத்திரம் கழுவி முடிந்ததும் எல்லாரும் உட்கார்ந்து பேச வேண்டும். பரிமாறிய பிள்ளைகள், இலை எடுத்த பெண்கள், வேன் ஓட்டியவர் எல்லாரும். சமைத்தவருக்கு அண்டாவின் கணக்கு தெரியும். யார் சாப்பிடாமல் போனார்கள் என்பது இலை எடுத்தவருக்குத்தான் தெரியும். அவர் சொல்வதை நோட்டில் அடுத்த ஆண்டுக்கான பக்கத்தில் எழுதிவைக்க வேண்டும்: காவடியோடு கூட நடந்து வந்த வீட்டார் மூன்று மணிக்குத்தான் வந்தார்கள், அப்போது இரசமும் மோரும் மட்டுமே இருந்தன, பாட்டிமார்கள் உட்கார நாற்காலி இல்லை, கடைசி அண்டாவை இரண்டரைக்கு ஏற்றவும்.